இன்டர்நெட் எட்டாத இடத்தில்

கல்யாணச் சமையலுக்கு வெளியூர் போகும் சமையற்காரர், அரிசி முதல் கடுகு வரை ஜாபிதா எழுதி, மூட்டை கட்டி ஏற்றிய பிறகுதான் வண்டியில் காலை வைப்பார். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்களில் அநேகர் லாப்டாப்பை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். போய்ச் சேருகிற இடம் வங்கியாகவோ மின்நிலையமாகவோ இருந்தால், வெளி இணைப்புக்கே அனுமதி இல்லாமற் போகலாம். பழுதை அன்றே சரிசெய்தாக வேண்டும்; திரையிலோ, 'இன்ன துண்டு கிடைக்கவில்லை' என்ற சிவப்பு எழுத்து!

அது என்ன துண்டு? இந்தக் காலத்தில் முழுப் புரோகிராமையும் எவரும் தாமே எழுதுவதில்லை. தேதியைக் கணக்கிட, படத்தைச் சுருக்க என்று பிறர் எழுதி வைத்த 'லைப்ரரி'களை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த லைப்ரரி வேறு சிலவற்றை நம்பி நிற்கும். அவை இன்னும் சிலவற்றை. நாம் கேட்டது பத்து என்றால், வந்து சேருவது நூற்றுக்கணக்கில் இருப்பது சர்வசாதாரணம். காரியாலயத்தில் இவை தாமாகவே வந்து இறங்குவதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

பிரயாணம் போகாதவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. 2016 மார்ச் 22-ம் தேதி, 'லெப்ட் பாட்' என்ற 11 வரித் துண்டை அதன் ஆசிரியர் ஒரு பெயர்த் தகராறில் என்.பி.எம். களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். எழுத்துக்கு இடப்புறம் நிரப்புவதுதான் அதன் வேலை. அதற்கே சுமார் இரண்டரை மணி நேரம் உலகெங்கும் ஏராளமான புரோகிராம்கள் உருவாகாமல் நின்றன. பிரதி வைத்திருந்தவர்கள் பாடு கவலை இல்லை.

பிரதி எடுப்பது சுலபம் போலத் தோன்றும். ஜாவாக்காரர்களின் 'மேவன்' என்ற கருவி, ஒருமுறை வந்த துண்டை நம் கம்ப்யூட்டரிலேயே பத்திரப்படுத்திவிடும். எல்லாவற்றையும் முன்கூட்டி வரவழைக்க 'கோ ஆப்லைன்' என்ற கட்டளையும் உண்டு. அதை மட்டும் நம்பிக் கிளம்பினீர்களோ, போச்சு! சோதனைகளை நடத்தும் 'ஷ்யூர்பயர்' இருக்கிறதே, அது தனக்கு எந்த உதவித் துண்டு வேண்டும் என்பதையே சோதனை தொடங்கும்போதுதான் தீர்மானிக்கும். முன்கூட்டிக் கேட்டால் வாயைத் திறக்காது.

ஆகவே, கிளம்புமுன் சோதனைகள் உட்பட முழு வேலையையும் ஒருமுறை நடத்துங்கள். பிறகு இணைப்பைத் துண்டித்து, உருவானதையெல்லாம் அழித்துவிட்டு, 'ஆப்லைன்' என்று மேவனுக்குச் சொல்லி மறுபடி நடத்துங்கள். அப்படிச் சொன்னால்தான் அது வெளிக்கதவைத் தட்டிக்கொண்டிராது. வேடிக்கை என்னவென்றால், பழையதை அழிக்கும் 'கிளீன்' வேலைக்கே ஒரு துண்டு வேண்டும்! அதை முன்பு ஒருமுறையாவது ஓட்டியிருக்க வேண்டும்.

பைத்தான் மொழிக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் கம்ப்யூட்டருக்கென்று இறக்கிய துண்டு, போன இடத்து லினக்ஸில் பொருந்தாமற் போகலாம்.

'கோ' மொழியில் துண்டுகளையெல்லாம் 'வெண்டர்' என்ற பெட்டியில் போட்டு, புரோகிராமுடனேயே வைத்துக்கொள்ளலாம். சுமை கூடும், ஆனாலும் எனக்கு இந்த முறையே பிடித்திருக்கிறது. ஒன்று மட்டும்: பெட்டியிலிருப்பது தானாகப் புதுப்பிக்கப்படாது. ஊர் திரும்பியதும், ஏதேனும் துண்டில் பாதுகாப்புக் குறை கண்டுபிடித்திருக்கிறார்களா என்று பார்த்து, புதியதை வரவழைத்துக்கொள்ள வேண்டும்.