சரக்குச் சேவை வலையமைப்பும் பின்ன லொறியும்

எவ்விடங்களுக்கிடையே எத்தனை தடவை ஊர்திகளை ஓட்டுவது என்று தீர்மானிப்பதே சரக்குச் சேவை வலையமைப்பின் வடிவமைப்பாகும். மொன்றியலைச் சேர்ந்த கிரேனிக், ஃபெர்லான், ரூசோ ஆகியோர் 1984இல் புகையிரதச் சரக்குப் போக்குவரத்துக்கு இத்தகைய மாதிரியொன்றை வெளியிட்டனர். சரக்கின் அளவு பின்னமாகலாம். ஊர்திகளின் எண்ணிக்கையோ நிறைவெண்ணாகவே இருத்தல் வேண்டும். இடர்ப்பாடு இங்கேயே தோன்றுகின்றது.

10 தொன் கொள்ளளவுள்ள லொறியொன்றின் பயணச் செலவு, ஏற்றும் பாரம் எதுவாயினும், 1,000 ரூபா என்க. அனுப்பவேண்டியது 2 தொன் மட்டுமே. நிறைவெண் நிபந்தனையைத் தளர்த்தி ஏகபரிமாண நிரலாக்கமாகத் தீர்ப்பின், ஐந்திலொரு லொறி போதும், செலவு 200 ரூபா என்ற விடை கிடைக்கும். ஐந்திலொரு லொறியை ஓட்டுபவர் யார்? இவ்விடை உண்மைச் செலவின் கீழெல்லையே. ஆயினும் 1,000க்கு மிகத் தொலைவிலுள்ள அவ்வெல்லை, பெரிய வலையமைப்பிலே எத்தெரிவுகளை ஒதுக்கலாம் என்று காட்ட உதவாது.

பரிகாரமாக, ஒவ்வொரு சரக்குக்கும் தனிச் சமனிலியொன்று சேர்க்கப்படும்: ஒரு பாதையில் அச்சரக்கின் பாய்ச்சல், அதன் மொத்தத் தேவையை அப்பாதையின் லொறியெண்ணிக்கையாற் பெருக்கிவருவதை விஞ்சலாகாது. இங்கு தேவை 2 தொன். எனவே லொறியெண்ணிக்கை 1 ஆகியே தீரும். கீழெல்லையும் 1,000 ஆகின்றது. சரக்குகளும் பாதைகளும் பெருகுமிடத்து இச்சமனிலிகள் இலட்சக்கணக்காகும். ஆகவே, மீறப்படுவனவற்றை மட்டும் கணனி படிப்படியாகத் தேடிச் சேர்க்குமாறு செய்வர்.