பைக் டேங்கில் எத்தனை கிலோமீட்டர்? எக்ஸெல் சொன்ன பதில்

கம்ப்யூட்டரும் பைக்கும் எனக்கு ஒரே வருடத்தில், 2023-ல், வீட்டுக்கு வந்தன. வயது அப்போது நாற்பத்து மூன்று. அதுவரை டவுன் பஸ்தான். பைக் ஸ்ப்ளெண்டர் ப்ளஸ். 97.2 சிசி, டேங்க் கொள்ளளவு 9.8 லிட்டர். புதிதாக ஓட்டப் பழகுபவருக்கு இதைவிட எளிமையான வண்டி கிடையாது என்றார்கள். கம்ப்யூட்டரில் நான் செய்தது என்ன தெரியுமா? சீட்டாட்டமும் கல்யாணப் போட்டோக்களும்தான்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் கண்ணில் பாதிப்பு. மாதம் ஒருமுறை திருச்சியில் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். துறையூரிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர். பஸ்ஸில் நெரிசல், இறங்கி ஆட்டோ என்று அலைய முடியாமல் பைக்கிலேயே போக ஆரம்பித்தோம்.

2024 ஆகஸ்டில் ஒரு காலை, புலிவலம் தாண்டியதும் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பெட்ரோல் இல்லை. முள் சிவப்பில் இருந்ததைப் பார்த்தேன்தான். ஆனால் நண்பர் "லிட்டருக்கு 70 கொடுக்கும்" என்று சொல்லியிருந்தார். 9.8-ஐ 70-ஆல் பெருக்கினால் 686. கடைசியாக டேங்க் நிரப்பி 505 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. இன்னும் 180 மீதி என்று மனக்கணக்குப் போட்டு முள்ளை நம்பாமல் விட்டேன். "ஏம்ப்பா, டாக்டர் போயிருவாரே" என்றார் அம்மா. பால்காரர் ஒருவர் உதவி செய்து, பெட்ரோல் வந்து, நாங்கள் மருத்துவமனை போய்ச் சேரும்போது அன்றைய ஊசிப் பட்டியல் முடிந்துவிட்டது. அடுத்த தேதி இரண்டு வாரம் கழித்து.

இன்னொரு விஷயமும் அன்றுதான் தெரிந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு இந்த வகை வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை, ஃப்யூயல் இன்ஜெக்ஷன். பழைய வண்டிபோல 'ரிசர்வ்' திருப்பும் குமிழ் கிடையாது. டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான். அடிக்கடி வற்ற விட்டால் பம்ப் கெடும். வற்றிய டேங்கில் பெட்ரோல் ஊற்றியதும் சாவியை இரண்டு மூன்று முறை ஆன், ஆஃப் செய்து, பம்ப் ஓடும் சத்தம் கேட்ட பிறகு ஸ்டார்ட் செய்ய வேண்டும். நான் கிக்கரை மிதித்து மிதித்துக் கால் வலித்ததுதான் மிச்சம்.

அன்று இரவே கம்ப்யூட்டரில் எக்ஸெல்லைத் திறந்தேன். உங்களிடம் எக்ஸெல் இல்லையா? கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸில் உள்ள கால்க் இலவசம், அதிலும் இதே வேலை நடக்கும்.

முதல் வரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஏ காலத்தில் தேதி, பி-யில் ஓடோமீட்டர், சி-யில் லிட்டர், டி-யில் மைலேஜ், இ-யில் குறிப்பு. என் வண்டியில் ட்ரிப் மீட்டர் இல்லை, அதனால் மொத்தக் கிலோமீட்டரை அப்படியே எழுதிக்கொள்கிறேன். டேங்கை நிரப்பியதும் பி2-வில் மீட்டர் அளவைப் பதியுங்கள். அடுத்த முறை மறுபடியும் முழுதாக நிரப்பி, பி3-ல் மீட்டரையும் சி3-ல் எத்தனை லிட்டர் பிடித்தது என்பதையும் பதியுங்கள். டி3 செல்லில் கிளிக் செய்து, =(பி3-பி2)/சி3 என்று அடித்து என்டர் தட்டுங்கள். இங்கே தமிழில் அச்சிட்டுள்ள பி, சி எழுத்துகளை நீங்கள் ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும். என் முதல் கணக்கு: 8468-லிருந்து 8210-ஐக் கழித்தால் 258. பிடித்தது 4.5 லிட்டர். விடை 57.33.

டி3 செல்லின் வலது கீழ் மூலையில் சிறு சதுரம் தெரிகிறதா? அதை மௌஸால் பிடித்துக் கீழே இழுத்தால் ஃபார்முலா எல்லா வரிசைக்கும் போய்விடும். லிட்டர் பதியாத வரிசைகளில் பிழைச் செய்தி காட்டும். பயப்படாதீர்கள், எண் வந்ததும் மறைந்துவிடும்.

ஒருமுறை என் ஷீட்டில் 94 என்று வந்தது! வண்டிக்கு என்ன ஆயிற்று என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் புரிந்தது, அன்று கையில் காசு இல்லாமல் 200 ரூபாய்க்கு, அதாவது 1.98 லிட்டர்தான் போட்டிருந்தேன். ஓடியதோ 186 கிலோமீட்டர். எரிந்த பெட்ரோலின் ஒரு பகுதியைத்தான் நிரப்பியிருக்கிறேன், ஆனால் ஃபார்முலா முழுதாக நிரப்பியதாக நினைத்துக்கொண்டது. பாதி போட்டால் அந்த லிட்டரை மட்டும் தனியே குறித்துவைத்து, அடுத்த முழு டேங்கின் லிட்டரோடு கூட்டிப் பதியுங்கள். இந்த ஒரு தவற்றால் எத்தனை பேர் "என் வண்டி 90 கொடுக்கிறது" என்று சொல்லித் திரிகிறார்களோ!

இப்போது அம்மாவின் இடுப்புக்கு வருவோம். அவர் ஒருபக்கமாகத்தான் உட்காருவார். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கம் 'டக்' என்று அடிக்கும். "ஷாக் அப்சார்பர் ரொம்ப கெட்டியா இருக்கு" என்று நினைத்து, குறைந்த படிக்கு மாற்றினேன். இன்னும் மோசமாக அடித்தது.

ஸ்ப்ளெண்டரின் பின் ஷாக் அப்சார்பரில் ஐந்து படிகள் உள்ளன. ஸ்பிரிங்கின் ஓரத்தில் படிக்கட்டு போல வெட்டிய வளையம்தான் அது. கொக்கி ஸ்பேனர் போட்டுத் திருப்பலாம். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருப்பது கட்டாயம். படியைக் கூட்டினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்பது தவறு. ஸ்பிரிங் அதேதான். அதை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கிறோம், அவ்வளவுதான். அதனால் எடை ஏறும்போது வண்டி குறைவாக இறங்குகிறது, பள்ளம் வரும்போது மேலும் இறங்க இடம் மிச்சம் இருக்கிறது. நான் படியைக் குறைத்ததால் இரண்டு பேர் எடையிலேயே பெரும்பகுதி அமுங்கிப் போய், மீதி இடம் இல்லாமல் அடிமட்டத்தில் இடித்திருக்கிறது.

இதையும் அளந்து பார்த்தேன். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கர அச்சிலிருந்து சைடு கவரில் ஒரு புள்ளி வரை டேப் வைத்து அளவெடுக்க வேண்டும். பிறகு ஸ்டாண்டை எடுத்து இருவரும் உட்கார்ந்து மறுபடி அளக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் டேப் பிடித்தான். முதல் படியில் 62 மில்லிமீட்டர் இறங்கியது, மூன்றில் 53, ஐந்தில் 44. நான்காவது படியில் வைத்துத் திருச்சி போய் வந்தோம். புலிவலம் வேகத்தடையில் 'டக்' இல்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுவே பெரிய சான்றிதழ். தனியாகப் போகும்போது இரண்டாவது படி போதும், நான்கில் வைத்தால் துள்ளுகிறது. பாரம் ஏறும்போது ஹெட்லைட் மேலே தூக்கி எதிரே வருபவர் கண்ணைக் கூசவைப்பதும் இதனால் கொஞ்சம் குறைந்தது. ஸ்பிரிங் நடுவே ரப்பர் கட்டை செருகச் சொல்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

ஒரு வேடிக்கை. படியை மாற்றிய பிறகு மைலேஜ் 53-லிருந்து 59-க்கு ஏறியது. ஷாக் அப்சார்பர்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னேன். பிறகு இ காலத்தில் நானே எழுதியிருந்த குறிப்பைப் பார்த்தேன். அதே நாளில் மெக்கானிக் "காத்தே இல்ல சார்" என்று டயரில் காற்று பிடித்திருந்தார்! காற்றை அப்படியே வைத்துக்கொண்டு படியை மட்டும் இரண்டுக்கு இறக்கி, தனியாக இரண்டு டேங்க் ஓட்டினேன். 58, 59. ஆக, பெட்ரோலை மிச்சப்படுத்தியது காற்றுதான். பின் டயருக்கு, தனியாகப் போனால் ஓர் அளவு, பின்னால் ஆள் இருந்தால் இன்னோர் அளவு என்று வண்டியின் கையேட்டில் இருக்கும். 50-ல் போகாமல் 65-ல் போன ஒரு டேங்கில் 54-க்கு இறங்கியது. சேர்த்துச் சொல்ல வேண்டியது எத்தனால். 2025-ல் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது நாடு முழுக்க வந்துவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் ஒரு லிட்டர் பெட்ரோலின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் உண்டு. பத்து வருடம் முன்பு நண்பர் வாங்கிய 70-ஐ நம் வண்டியோடு ஒப்பிடக் கூடாது.

சரி, டேங்குக்கு எத்தனை கிலோமீட்டர்? சராசரியை எடுக்காதீர்கள், ஷீட்டில் உள்ளதிலேயே குறைந்த மைலேஜை எடுங்கள். எனக்கு 53. டேங்கில் 1.8 லிட்டரைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டால் மீதி 8 லிட்டர். பெருக்கினால் 424. நான் 400 என்று வைத்துக்கொண்டேன். எஃப் காலத்தில் =பி3+400 என்று அடித்தால், அடுத்து எந்த மீட்டரில் பங்குக்குப் போக வேண்டும் என்று வந்துவிடும். முழு டேங்க் நிரப்பிய வரிசைக்கு மட்டும்தான் இது பொருந்தும்.

அந்த எண்ணைத் துண்டுப் பேப்பரில் எழுதி மீட்டருக்குக் கீழே ஒட்டிவைக்கிறேன். அம்மாவுக்குச் சின்ன எழுத்து தெரியாது என்பதால் பெரிதாக எழுதுகிறேன். வண்டியில் ஏறும் முன் குனிந்து பார்த்து, "இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் ஹெல்மெட்டை மாட்டுகிறார்.