கல்வியின் விலையும் பயனும்

மக்கள் செய்யும் செலவுகளுள் கல்விக்கெனச் செய்வதே தலைசிறந்தது என்பர் பெரியோர். அஃது உண்மையே. ஆயினும், கல்வி உயர்ந்தது என்பதனால், அதன் பெயராற் கேட்கப்படும் பொருளெல்லாம் தக்க விலை என்றாகிவிடாது. ஆற்றிற் போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. மிகுந்த கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரியிற் சேர்வதா, தவிர்வதா என்று முடிவு செய்யுங்கால் அளந்தறிய வேண்டுவன யாவை என்பதை ஈண்டுக் காண்போம்.

கட்டணம் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடுவது ஏன் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். சென்னைக் கிண்டியிலுள்ள பொறியியற் கல்லூரி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றியது. அதுபோன்று அரசின் பொருளால் நடைபெறும் கல்லூரிகளில் ஆசிரியர் ஊதியம், கட்டடம் முதலிய செலவுகளைப் பெரும்பாலும் அரசே ஏற்கின்றது. 1984-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகள் தோன்றலாயின. இவை தம் செலவைப் பெரிதும் மாணவர் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டே ஈடுசெய்கின்றன. அரசு உதவி பெறும் கலைக் கல்லூரிகள் பலவற்றில், ஒரே பாடம் உதவி பெறும் பிரிவாகவும் சுயநிதிப் பிரிவாகவும் நடைபெறுதல் உண்டு. பட்டம் ஒன்றே, கட்டணமோ வேறு. ஆகவே, கட்டணத்தின் உயர்வு செலவை ஏற்பவர் யாவர் என்பதைக் காட்டுமேயன்றிக் கல்வியின் உயர்வைக் காட்டாது. மிகுதியாக வாங்கும் கல்லூரி சிறந்தது என்றோ, தாழ்ந்தது என்றோ அதனைக் கொண்டு துணிதல் கூடாது.

அடுத்து, செலவை முழுமையாகக் கணக்கிடுதல் வேண்டும். விடுதி, உணவு, போக்குவரத்து, தேர்வு, நூல் ஆகியவற்றிற்கு ஆவனவும் செலவே. ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். உழவர் ஒருவர் தம் மகளைப் பொறியியல் பயிற்றுவிக்க விரும்புகின்றார். எல்லாச் செலவும் சேர்ந்து ஒரு கல்லூரியில் ஆண்டுக்கு 50,000 ரூபாய், மற்றொன்றில் 2,00,000 ரூபாய் எனக் கொள்வோம். நான்காண்டில் வேறுபாடு 6,00,000 ரூபாய். அத்தொகையை ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 1,50,000 ரூபாயாக, நூற்றுக்குப் பத்து வட்டியில் வங்கியிற் கடனாகப் பெறுகின்றார். படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டா. எனினும் வட்டி வளர்ந்துகொண்டே இருக்கும். தனிவட்டியாகக் கணக்கிடினும், ஐந்தாண்டின் முடிவில் வட்டி 2,10,000 ரூபாய். கடன் 8,10,000 ரூபாய். அதனைப் பத்தாண்டுகளில் தீர்ப்பதாயின் மாதத் தவணை ஏறத்தாழ 10,700 ரூபாய். கட்டி முடிக்கும் மொத்தத் தொகை ஏறத்தாழ 12,84,000 ரூபாய். ஆறு இலட்சம் இருமடங்கினும் மிகுந்தமை காண்க! அம்மகள் மாதம் 20,000 ரூபாய் ஊதியம் பெறின், அதிற் பாதிக்கு மேல் கடனுக்கே போய்விடும்.

அத்துணைப் பொருளுக்கு ஈடான பயனை அக்கல்லூரி தருமா என்பதே அடுத்த வினா. விளம்பரங்கள் பெரும்பாலும் மிகவுயர்ந்த ஊதியத்தையோ, சராசரி ஊதியத்தையோ பெரிய எழுத்திற் காட்டும். ஐந்து மாணவர் முறையே 15,000, 18,000, 20,000, 22,000, 1,25,000 ரூபாய் மாத ஊதியம் பெறுவதாகக் கொள்க. சராசரி 40,000 ரூபாய். ஆயினும் ஐவருள் நால்வர் அதில் ஏறத்தாழப் பாதியோ அதனினும் குறைவாகவோதான் பெறுகின்றனர். வரிசையின் நடுவில் நிற்கும் 20,000 ரூபாயே இடைநிலை அளவு. நீங்கள் கணக்குப் பாடத்திற் பயின்ற இவ்விடைநிலை அளவே ஈண்டு நம்பத்தக்க வழிகாட்டி. மைய அரசு 2016 முதல் வெளியிட்டுவரும் கல்வி நிறுவனத் தரவரிசைக்கெனக் கல்லூரிகள் அளிக்கும் விவரங்களில் இவ்வளவும், உரிய காலத்திற் பட்டம் பெற்றோர் தொகையும் காணப்படும். அவற்றைத் தேடிப் படித்தல் நன்று.

ஊதியம் ஒன்றே கல்வியின் பயனன்று. நல்லாசிரியர் நிலைத்துப் பணிபுரிகின்றனரா, ஆய்வுக்கூடத்திலுள்ள கருவிகளை மாணவர் தம் கையாற் பயன்படுத்துகின்றனரா, நூலகம் மாலையிலும் திறந்திருக்கின்றதா, பாடப்பிரிவு உரிய ஏற்புப் பெற்றதா என்பவற்றை வினவுதல் வேண்டும். விழா நாளில் அன்றி, வேலை நாளொன்றிற் கல்லூரிக்குச் சென்று, அங்குப் பயிலும் மூத்த மாணவரிடம் கேட்டறிக. பளிங்குத் தரையும் உயர்ந்த வாயிலும் பாடம் நடத்தமாட்டா.

கிடைக்கக்கூடிய உதவிகளையும் மறத்தலாகாது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிற் பயின்றோர்க்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் நூற்றுக்கு 7.5 இடம் ஒதுக்கும் சட்டம் 2021-இல் இயற்றப்பெற்றது. இவை கலந்தாய்வின் வழிச் சேர்வோர்க்கே உரியன. நிருவாக ஒதுக்கீட்டிற் பணம் கட்டிச் சேர்வோர்க்கு இல்லை. கட்டாய நன்கொடை வாங்குதலைத் தடுக்கும் சட்டமும் தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. பற்றுச்சீட்டின்றிப் பணம் கேட்கும் இடத்தினின்றும் விலகுதலே அறிவுடைமை.

அங்ஙனமாயின், மிகுந்த கட்டணம் எஞ்ஞான்றும் வீணோ? அன்று. விரும்பிய பாடம் வேறிடத்துக் கிடைக்காதபோதும், கற்பிக்கும் திறம் ஆராய்ந்து தெளியப்பட்டபோதும், கடன் குடும்பத்தால் தாங்கத்தக்கதாய் இருக்கும்போதும் அச்செலவு தகும். ஆனால், உற்றார் மெச்சவேண்டும் என்பதற்காகவோ, தோழன் சேர்ந்தான் என்பதற்காகவோ விளைநிலத்தை விற்றல் தகாது. மூத்தவன் படிப்பிற்காக வாங்கிய கடன் இளையவளின் படிப்பை நிறுத்துமாயின், ஒரு விளக்கை ஏற்ற மற்றொன்றை அணைத்ததாகும்.

மாணவர்களே! இம்முடிவைப் பெற்றோரிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். தாளும் எழுதுகோலும் கொண்டு அவர்களுடன் அமர்ந்து, வரவையும் செலவையும் நீங்களே எழுதிப் பாருங்கள். வீட்டின் நிலையை உணர்ந்து கேட்கும் பிள்ளையிடம் பெற்றோர் ஒளிவின்றிப் பேசுவர். எந்தக் கல்லூரியாயினும் வாயிலைத் திறந்துவிடுமேயன்றி, உள்ளே நடக்கவேண்டியவை உங்கள் கால்களே. அளந்து தேர்ந்து, தேர்ந்த இடத்தில் முயன்று பயிலுங்கள். செலவிட்ட ஒவ்வொரு காசும் அப்பொழுதே பயன்படும்.