அதே அரிசி, அதே அளவு... சத்தும் அதேதானா?

"என் குழந்தை வேறு எதையும் தொடாது. ஆனால் ஒரு கிண்ணம் ரசம் சாதம் மட்டும் சமர்த்தாகச் சாப்பிட்டுவிடும். வயிறு நிறைஞ்சா போதாதா?"

இளம் தாய்மார்கள் பலர் இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வயிறு நிறைவது வேறு, உடம்பில் சத்து சேருவது வேறு என்பது நம் பாட்டிமார்களுக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் அவர்களுக்குத் தெரியாத ஒன்றைத் தாவர விஞ்ஞானிகள் இப்போது கண்டறிந்திருக்கிறார்கள். நெல் எந்தக் காற்றை வாங்கி விளைகிறதோ, அந்தக் காற்றைப் பொறுத்து அரிசியின் சத்தும் மாறுகிறதாம்!

காற்றுக்கும் சாதத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன், கேளுங்கள்.

காற்றில் என்ன மாறுதல்?

செடி கொடிகள் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு, சூரிய வெளிச்சத்தில் மாவுச்சத்தைத் தயாரிக்கின்றன என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். இந்த வாயு காற்றில் எவ்வளவு இருக்கிறது என்று ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா என்ற எரிமலையின் மேலே 1958-ம் ஆண்டு முதல் அளந்து வருகிறார்கள். ஆரம்பத்தில் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்கு இருந்தது. இப்போது 420-ஐயும் தாண்டிவிட்டது. நாம் எரிக்கும் நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும்தான் முக்கிய காரணம். காடுகளை அழிப்பதும் அதோடு சேர்ந்துகொள்கிறது.

"செடிக்கு அதுதானே ஆகாரம்? அப்போ விளைச்சல் நன்றாக இருக்குமே!" என்று தோன்றும். வாஸ்தவம்தான், மகசூல் கூடுவது உண்டு. ஆனால் மாவுச்சத்து கூடுகிற வேகத்துக்கு மற்ற சத்துகள் கூடுவதில்லை. அங்கேதான் வருகிறது வினை!

வயலில் நடந்த சோதனை

ஜப்பானிலும் சீனாவிலும் விஞ்ஞானிகள் இதைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அல்லாமல், திறந்த வயலிலேயே சோதித்துப் பார்த்தார்கள். வயலில் எண்கோண வடிவில் குழாய்களைப் பொருத்தி, அவற்றின் வழியாக நெற்பயிரின் மேல் கரியமில வாயுவைக் கசிய விட்டார்கள். இந்த நூற்றாண்டு முடிவதற்குள் காற்றில் எவ்வளவு இருக்கக்கூடும் என்று எதிர்பார்க்கிறார்களோ, அந்த அளவுக்கு, அதாவது 568 முதல் 590 பங்கு வரை, ஏற்றினார்கள். பதினெட்டு வகை நெல்லை இப்படி வளர்த்துப் பார்த்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள்.

சராசரியாகப் புரதம் சுமார் 10 சதவிகிதம், இரும்புச்சத்து 8 சதவிகிதம், துத்தநாகம் 5 சதவிகிதம் குறைந்திருந்தன. சில ரகங்களில் பி வைட்டமின்களையும் அளந்தார்கள். பி-1, பி-2 இரண்டும் சுமார் 17 சதவிகிதம் குறைந்தன. கர்ப்பிணிகளுக்கு மிகவும் வேண்டிய ஃபோலிக் சத்து மட்டும் 30 சதவிகிதம்!

கோதுமையும் தப்பவில்லை. 2014-ல் வெளிவந்த இன்னொரு ஆராய்ச்சியில், இதே மாதிரி விளைந்த கோதுமையில் துத்தநாகம் சுமார் 9, புரதம் 6, இரும்பு 5 சதவிகிதம் குறைந்திருந்தன.

இவை வருங்காலக் காற்றுக்கான கணக்கு. இன்றைக்கே நம் அரிசி இவ்வளவு இளைத்துவிட்டது என்று பதற வேண்டாம். ஆனால் போகும் பாதை எது என்று தெரிகிறதல்லவா?

ஏன் இப்படி?

ஒரு படி பாலில் அரைப்படி தண்ணீரைக் கலந்தால் பாத்திரம் நிறையும், ஆனால் பால் நீர்த்துப் போகும். மாவுச்சத்து பெருகும்போது மற்றவை நீர்த்துப் போவதும் அப்படித்தான்.

இன்னொரு காரணத்தையும் சொல்கிறார்கள். இலைகளில் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு துளைகள் உண்டு. கரியமில வாயு தாராளமாகக் கிடைத்தால், செடி இந்தத் துளைகளை முன்போல அகலத் திறப்பதில்லை. அதனால் இலை வழியாக ஆவியாகும் நீர் குறைகிறது. வேர் உறிஞ்சும் நீரும், அதோடு சேர்ந்து வரும் தாதுச் சத்துகளும் குறைகின்றன.

"புது ரக விதைகளால் வந்த குறையாக இருக்குமோ?" என்ற சந்தேகம் வரலாம். அமெரிக்காவில் கோல்டன்ராட் என்று ஒரு மஞ்சள் பூச்செடி, மனிதன் கைபடாமல் தானாக வளர்வது. வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 1842-லிருந்து சேகரித்த அதன் பூக்கள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றின் மகரந்தத்தைச் சோதித்ததில், இன்று வரையில் புரதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருப்பது 2016-ல் தெரியவந்தது. குளிர்காலத்துக்கு முன் தேனீக்களுக்கு அதுதான் முக்கிய உணவு. பாவம், அவையும் நம்மைப் போலத்தான்!

அடுக்களையில் என்ன செய்யலாம்?

2019–21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவிகிதம்! ஏற்கெனவே இந்த நிலை. ஆகவே சாதத்தை மட்டும் நம்பாமல், தட்டில் கூட வருவதைக் கவனிப்பதே புத்திசாலித்தனம்.

* பருப்பு, பயறு வகைகளைத் தாராளமாகச் சேருங்கள். இவற்றின் வேர் முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக் கொடுப்பதால், இந்த வகைப் பயிர்களில் புரதம் அவ்வளவாகக் குறைவதில்லை.

* வாரத்தில் இரண்டு மூன்று நாள் கேழ்வரகு, கம்பு, சோளம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இவை மாவுச்சத்து தயாரிக்கும் விதமே வேறு. சோதனைகளில் மக்காச்சோளமும் சோளமும் அரிசி அளவுக்குச் சத்தை இழக்கவில்லை. கேழ்வரகும் கம்பும் அதே ஜாதிதான்.

* புழுங்கலரிசி நல்லது. நெல்லை அவிக்கும்போது பி வைட்டமின்கள் தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்குகின்றன. கஞ்சியை வடித்துக் கொட்டிவிடாதீர்கள். அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்கினால் சத்து வீணாகாது.

* கீரையோ பயறோ சமைத்த அன்று, கூடவே எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் இருக்கட்டும். இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டாம். ஒரு மணி நேரம் போகட்டும்.

* தாய்மையை எதிர்பார்ப்பவர்கள் டாக்டரின் யோசனைப்படி ஃபோலிக் அமில மாத்திரையைத் தவறாமல் சாப்பிட வேண்டும். சாதம் அதற்கு ஈடாகாது.

காற்றைச் சுத்தப்படுத்துவது நம் ஒருவரால் ஆகிற காரியமல்ல. அது அரசாங்கங்களும் தொழிற்சாலைகளும் சேர்ந்து செய்ய வேண்டியது. எந்த நெல் ரகத்தில் சத்து குறைவாக இழக்கப்படுகிறது என்று விஞ்ஞானிகளும் தேடி வருகிறார்கள். ஆனால் நம் கையில் இருப்பது ஒன்று உண்டு.

பல வீடுகளில் எல்லோருக்கும் பரிமாறிய பிறகு, அம்மா உட்காரும்போது கீரை தீர்ந்திருக்கும், பருப்பும் அடியில் ஒட்டியிருக்கும். "எனக்கென்ன, மோர் விட்டுப் பிசைஞ்சு சாப்பிட்டா போச்சு" என்பாள். சாதத்தை மட்டுமே நம்பியிருப்பவள், அந்த வீட்டில் அவள்தான். அரிசியில் சத்து குறைந்தால் முதல் நஷ்டமும் அவளுக்குத்தான்.

ஆகவே சகோதரிகளே, இன்று ராத்திரி பரிமாறும்போது, முதலிலேயே உங்கள் பங்குக் கீரையையும் பருப்பையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். அது சுயநலமல்ல, வீட்டுக்கு வைத்தியச் செலவை மிச்சப்படுத்தும் காரியம்!