கீரை சாப்பிட்டால் போதுமா? உடம்பில் ஒட்ட வேண்டாமா?



"தினமும் கீரை சாப்பிடுறேனே, எனக்கு ஏன் ரத்தசோகை?" என்று கேட்கும் கர்ப்பிணிகள் நம் திருவண்ணாமலைப் பக்கத்திலும் உண்டு. நியாயமான கேள்விதான். கீரையில் சத்து இருப்பது வேறு. அது குடலைத் தாண்டி ரத்தத்தில் சேர்வது வேறு.

எலுமிச்சை எதற்கு?

கீரை, பயறு, கேழ்வரகு, சாமை இவற்றிலுள்ள இரும்புச்சத்து லேசில் கரையாது. சிறுகுடலின் முதல் பகுதிக்கு அது கரைந்த நிலையில் வந்தால்தான் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். அப்படிக் கரைய வைப்பது வைட்டமின் சி. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யாவில் இது நிறைய உண்டு. சூட்டில் அழிந்துவிடும். ஆகவே, கீரையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்க.

டீ எப்போது?

டீயிலும் காபியிலும் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தச் சத்து உடம்பில் சேராமல் மலத்தோடு போய்விடும். 1918-ல் நம் குன்னூரில் தோன்றி, இப்போது ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் இதையே சொன்னது: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி வேண்டாம்.

எண்ணெய் எதற்கு?

முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணியில் உள்ள கரோட்டின் என்ற சத்து கொழுப்பில்தான் கரையும். அது குடல் சுவரில் வைட்டமின் ஏ-யாக மாறி, மாலைக்கண் வராமல் காக்கிறது. அதனால் குழந்தைக்குக் கீரை மசித்துக் கொடுக்கும்போது ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ சேருங்க. கீரையைக் கழுவிய பிறகு நறுக்குங்க. வெந்த தண்ணீரைக் கொட்டாதீங்க.

மாத்திரையை விடலாமா?

கூடாது. கர்ப்பிணிக்கு 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. சோகை முற்றினால் பிரசவ ரத்தப்போக்கை உடம்பு தாங்காது. தாயின் உயிருக்கே ஆபத்து. குழந்தை குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறக்கலாம். வயிற்றில் பிள்ளை வளரும்போது தேவைப்படும் இரும்புச்சத்து முழுவதையும் கீரை மட்டும் தந்துவிடாது. நான்காம் மாதம் முதல் தினம் ஒன்றாக 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடணும். டீ, பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காதீங்க. மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம், அது இயல்புதான். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் நீங்களாக நிறுத்தாமல் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்க.

நினைவில் வையுங்க: கீரையோடு எண்ணெய், இறக்கியபின் எலுமிச்சை, டீக்கு ஒரு மணி நேர இடைவெளி, நாள் தவறாமல் மாத்திரை.