பிக்கப் வண்டிக்குப் பெரிய டயர்: வாங்கும் முன் ஒரு கணக்கு

சரக்கு வாகனக் கடன் பெற்ற வாடிக்கையாளர்கள் கிளைக்கு வரும்போது தவணை, காப்பீடு, தகுதிச் சான்று ஆகியவற்றைப் பற்றிக் கேட்பது வழக்கம். அண்மைக் காலமாக இன்னொரு கேள்வியும் அவற்றோடு சேர்ந்துள்ளது. "வண்டியோடு வந்த டயரைக் கழற்றிவிட்டுப் பெரிய ரிம்மும் லாரி ரக டயரும் போடலாமா?" என்பதே அது. டயரைப் பற்றிப் பேசுவது வங்கி அதிகாரியின் வேலையா என்று சிலர் எண்ணக்கூடும். பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் ஏறியிருக்கும் வண்டி ஓடினால்தான் தவணை வரும். விபத்தில் சிக்கி, காப்பீட்டுத் தொகையும் கைக்கு வராமற்போனால் வண்டி போய்க் கடன் மட்டும் எஞ்சும். அந்த நிலையில் உள்ள குடும்பத்தோடு பேச வேண்டியவர் கிளை அதிகாரிதான்.

இக்கேள்வியில் இரண்டு ஆசைகள் கலந்திருக்கின்றன. ஒன்று வலுவான டயர். மற்றொன்று பெரிய டயர். கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகவே பேசுவார். வாங்குபவர் பிரித்துப் பார்க்க வேண்டும்.

டயரின் பக்கச் சுவரில் 215/75 ஆர் 15 என்று இருந்தால், அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 75 விழுக்காடு, ரிம்மின் விட்டம் 15 அங்குலம் என்று பொருள். அதை அடுத்து வரும் எண்தான் சுமைக் குறியீடு. பலர் இதைக் கவனிப்பதில்லை. 100 என்றால் அந்த டயர் தாங்கும் சுமை 800 கிலோ. 112 என்றால் 1,120 கிலோ. வணிக ரக டயரில் 112/110 என இரு எண்கள் இருப்பதுண்டு. முதலாவது ஒற்றைச் சக்கரத்துக்கு உரியது. இரண்டாவது, பின்புறம் இரட்டைச் சக்கரமாகப் பூட்டும்போது ஒவ்வொன்றும் தாங்கும் 1,060 கிலோவைக் குறிப்பது. 8 பிளை, 10 பிளை என்பவை ஒரு காலத்தில் நூலடுக்குகளின் எண்ணிக்கையைக் குறித்தன. இன்று அவை வலிமையின் அளவு மட்டுமே; டயரை அறுத்துப் பார்த்தால் அத்தனை அடுக்குகள் இருக்கமாட்டா.

ஆகவே அளவை மாற்றாமலே வலுவான டயருக்கு மாறலாம். கல்குவாரி, செங்கல் சூளை, தோட்டத்து மண்சாலை என்று ஓடும் வண்டிக்கு இது நல்ல முதலீடு என்பதே என் கருத்து. பக்கச் சுவர் எளிதில் கிழியாது. பஞ்சரால் இழக்கும் நாள்கள் குறையும். சந்தைக்குக் காய்கறி ஏற்றுபவருக்கு ஒரு பஞ்சர் என்பது சில நேரங்களில் அன்றைய வாடகை முழுவதுமே. குறைகளும் உண்டு. வணிக ரக டயருக்குக் காற்றழுத்தம் கூடுதலாக வேண்டும். அந்த அழுத்தத்தைத் தாங்கும் ரிம்மாகவும் இருக்க வேண்டும். காற்றைக் குறைத்துப் பாரம் ஏற்றினால் டயர் சூடேறி வெடிக்கும். முழுக் காற்றோடு வெறும் வண்டியாகத் திரும்பினாலோ பின்பக்கம் துள்ளும். மழைச் சாலையில் பிடிப்பும் குறையும்.

இனி, பெரிய டயர். 215/75 ஆர் 15 டயரின் விட்டம் ஏறத்தாழ 703 மில்லிமீட்டர். 235/75 ஆர் 15 போட்டால் அது 733 ஆகும். கூடிய 30 மில்லிமீட்டரில் பாதிதான் தரைக்கும் வண்டிக்கும் இடையிலான உயரத்தில் சேரும். அதாவது, இவ்வளவு செலவு செய்து நாம் பெறுவது ஒன்றரை சென்டிமீட்டர் உயரம். பள்ளத்தில் சக்கரம் சற்று எளிதாக ஏறி இறங்கும் என்பது உண்மை. அதே ஒன்றரை சென்டிமீட்டர் சரக்குத் தளத்தையும் உயர்த்துகிறது. அடுக்கிய மூட்டைகளின் பாரமும் அந்த அளவுக்கு மேலே போகிறது.

விட்டம் 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடினால், சாலையில் சக்கரம் தரும் இழுவை ஏறத்தாழ அதே அளவு குறையும். மேட்டில் ஒரு கியர் முன்னதாகவே குறைக்க நேரும், கிளட்ச் தேயும். பிரேக்குக்கும் இதே கணக்குத்தான். நாசிக்கிலிருந்து மும்பைக்கு வெங்காயம் ஏற்றிவரும் வண்டி கசாரா மலைப்பாதையில் முழுப் பாரத்தோடு இறங்குகிறது. சிம்லா மலையிலிருந்து வரும் ஆப்பிள் வண்டியும் அப்படியே. இறக்கத்தில் இழுவையைவிடப் பிரேக்தான் முக்கியம். அதை 4 விழுக்காடு குறைத்து, கனமான ரிம்மையும் சேர்ப்பதற்கு முன் இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். ரிம்மை வெளியே தள்ளி நிறுத்த இடையில் வைக்கும் ஸ்பேசர் வில்லையை நான் எவருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். சக்கரத்தின் பேரிங் மீது அது ஏற்றும் பளு கண்ணுக்குத் தெரியாது.

மீட்டரும் பொய் சொல்லத் தொடங்கும். முள் 80-இல் நிற்கும்போது வண்டி 83 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். மீட்டர் 10,000 கிலோமீட்டர் காட்டும்போது உண்மையில் ஓடியது சுமார் 10,430. ஆயில் மாற்றுவது அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். எரிபொருள் கணக்கிலும் இதனால் குழப்பம் வரும். லிட்டருக்கு 13 கிலோமீட்டர் தந்த வண்டி, டயர் மாற்றியபின் 12 தருவதாக மீட்டர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் குறைத்துக் காட்டுவதைச் சரிசெய்தால் உண்மையான அளவு 12.5. மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடினால் கூடுதலாகச் செலவாவது 9 லிட்டருக்குச் சற்று மேல். டீசல் லிட்டர் ₹90 என்று கொண்டால் மாதம் ₹830, ஆண்டுக்குச் சுமார் ₹10,000. பலர் அஞ்சும் அளவுக்கு இது பெரிதன்று; கடைக்காரர் சொல்வதுபோல் ஒன்றுமே இல்லை என்பதுமன்று. டயர் விலையோடு இதையும் சேர்த்துப் பார்ப்பதுதான் முறை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறான எண்ணம் ஒன்று உண்டு. பெரிய டயர் போட்டால் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்பதே அது. வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடைக்கான வரம்பு பதிவுச் சான்றில் உள்ளது. அச்சு, ஸ்பிரிங், சட்டகம், பிரேக் அனைத்தையும் கருதி வகுத்த வரம்பு அது. டயரை மாற்றுவதால் அந்த எண் மாறாது. மிகை பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு ₹20,000 அபராதமும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ₹2,000-மும் விதிக்கிறது. மிகையை இறக்கிவைக்கும் செலவும் உரிமையாளருடையதே.

சட்டத்தில் கவனிக்க வேண்டியது இன்னும் உண்டு. சரக்கு வாகனத்தைப் பதிவு செய்ய அளிக்கும் படிவம் 20-இல் டயர்களின் எண்ணிக்கை, அளவு, பிளை மதிப்பு ஆகியவையும் கேட்கப்படுகின்றன. உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதை 52-ஆம் பிரிவு தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ₹5,000 அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182-ஏ பிரிவு இடமளிக்கிறது. வண்டியின் கையேட்டில் உற்பத்தியாளரே மாற்று அளவாகக் குறித்திருக்கும் டயரைப் போட்டால் இந்தச் சிக்கலுக்கு இடமில்லை. அதைத் தாண்டினால் தகுதிச் சான்று ஆய்வில் வண்டி நிறுத்தப்படலாம். காப்பீட்டு நிறுவனமும், தனக்குத் தெரிவிக்காத மாற்றம் என்று கூறி இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ முற்படலாம். கடன் ஒப்பந்தங்களிலும் வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு முன் வங்கியின் ஒப்புதல் பெறவேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். கையெழுத்திடும் நாளில் அதைப் படிப்பவர்கள் குறைவு.

உண்மையிலேயே பெரிய சக்கரம் தேவைப்படும் தொழில் என்றால், அதை வண்டி வாங்கும்போதே முடிவு செய்வது நல்லது. பல நிறுவனங்கள் ஒரே பிக்கப்பைக் கூடுதல் பாரத்துக்கான வகையாகவும் விற்கின்றன. பெரிய டயருக்கு ஏற்ற ஸ்பிரிங், பிரேக், கியர் விகிதம் எல்லாம் அதில் பொருந்தியே வரும். காகிதங்களும் சரியாக இருக்கும். விலை ₹50,000 கூடுதல் என்று கொண்டால், 10 விழுக்காடு வட்டியில் 48 மாதங்களுக்குத் தவணை ₹1,268 கூடும். வாங்கிய பிறகு ரிம், டயர் இரண்டையும் கைப்பணத்தில் மாற்றுவதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு டயர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியையும் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ரசீதில் டயரின் அளவையும் சுமைக் குறியீட்டையும் எழுதச் சொல்லி, அதன் நகலைக் காப்பீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். அளவை மாற்றினால் ஸ்டெப்னியையும் அதே அளவில் மாற்ற வேண்டும். நான்கு டயருக்கு விலை பேசும்போது இந்த ஐந்தாவது விடுபட்டுப்போகிறது. வேறு அளவுள்ள ஸ்டெப்னியைப் பின்சக்கரமாகப் பூட்டி நெடுந்தூரம் ஓட்டினால் டிஃபரன்ஷியல் பழுதாகும்.