கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் ஏடு

சொத்து வைத்திருந்த டச்சுக்காரரை உயிலிலும் நிலப்பத்திரத்திலும் வரிக்கணக்கிலும் தேடிப் பிடிக்கலாம். கூலி நெசவாளி, பண்ணையாள், வீட்டு வேலைக்காரி, அடுப்பெரிக்கச் சதுப்பில் கரிமண் வெட்டியவர் போன்றவர்கள் அங்கே அநேகமாக அகப்படமாட்டார்கள். அவர்களுடைய பெயர், வயது, தொழில், குடியிருந்த ஊர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது அரசின் பிறப்பு, இறப்பு ஏடுகளில்தான். அவர்கள் விரும்பிப் போய் எழுதிவைத்ததல்ல அது, சட்டம் எழுதவைத்தது.

அந்தச் சட்டம் பிரான்சிலிருந்து வந்தது. தெற்கே லிம்பர்க், ஸீலாந்தின் தென்கரைப் பகுதி ஆகியவை முன்பே பிரெஞ்சு ஆட்சிக்குள் போனதால் அங்கே பதிவு 1796-லேயே தொடங்கியது. மற்ற இடங்களில், நெப்போலியன் 1810-இல் நெதர்லாந்தைத் தன் பேரரசோடு சேர்த்துக்கொண்ட பிறகு, 1811-இல் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் தேதி ஆணைப்படி, குடும்பப் பெயர் இல்லாதவர்கள் ஒன்றைத் தெரிந்தெடுத்துப் பதிய வேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரரைக் கேலி செய்யவே மக்கள் 'அம்மணமாகப் பிறந்தவன்' என்று பொருள்படும் நாக்ட்கெபோரன் போன்ற பெயர்களைச் சூட்டிக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. சுவையான கதைதான், ஆனால் அந்தப் பெயர் 1811-க்கு முன்பே புழக்கத்தில் இருந்தது.

குழந்தை பிறந்த மூன்று நாளுக்குள் தகப்பன் இரண்டு சாட்சிகளோடு உள்ளாட்சி அலுவலகம் போய்ப் பதிய வேண்டியிருந்தது. அவர் இல்லையென்றால் மருத்துவச்சி போவாள். பதிவில் பெற்றோரோடு சாட்சிகளின் வயதும் தொழிலும் வரும். சாட்சி சில சமயம் சித்தப்பனாகவோ அடுத்த வீட்டுக்காரராகவோ இருப்பார். சில சமயம் யாருக்கு வேண்டுமானாலும் கையெழுத்துப் போடும் அலுவலக ஊழியராக இருப்பார். ஒரே பெயர் பத்துப் பதிவில் தொடர்ந்து வந்தால் அவரை உறவு என்று கொள்வது அவசரம். தேதியும் வயதும் எழுத்தில் இருக்கும். டச்சு எண்ணில் ஒன்றாம் இடம் முன்னால் வரும். 'ஐந்தும் நாற்பதும்' என்றிருப்பதை 54 என்று படித்து ஒன்பது ஆண்டு தவறியவர்கள் உண்டு.

ஒரு தம்பதியின் எல்லாக் குழந்தைகளின் பதிவுகளையும் வரிசையாக அடுக்கிப் பார்ப்பதில்தான் பலன் அதிகம். முதல் பதிவில் 'நெசவாளி' என்றிருந்த தகப்பன் நான்காவதில் வெறும் 'அர்பைடர்', அதாவது கூலியாள், ஆகியிருப்பார். முகவரி மாறியிருக்கும். அடியில் 'எழுதத் தெரியாது என்று சொன்னார்' என்ற வரி இருக்கும். அல்லது கோணலான ஒரு கையெழுத்து. மனைவி நூல் நூற்றாலும் வயலில் களை பறித்தாலும் அவள் பெயருக்குப் பக்கத்தில் 'தொழில் இல்லை' என்றே பெரும்பாலும் எழுதினார்கள். அந்தச் சொல்லை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

திருமணமாகாதவளுக்குப் பிறந்த குழந்தைக்குத் தாயின் பெயர் மட்டுமே. 1838-இன் சிவில் சட்டம் தந்தை யார் என்று வழக்குத் தொடுத்து விசாரிப்பதைத் தடை செய்தது. தடை தளர்ந்தது 1909-இல். ஓவியர் வான் கோவுடன் தி ஹேக்கில் வாழ்ந்த தையல்காரி சியன் ஹூர்னிக், 1882 ஜூலையில் லெய்டன் மருத்துவமனையில் பெற்ற வில்லெம் என்ற மகன் தாயின் குடும்பப் பெயரைத்தான் சுமந்தான். பிற்பாடு பெற்றோர் மணந்துகொண்டால் குழந்தையைத் தகப்பன் ஏற்றுக்கொண்ட செய்தி பிறப்புப் பதிவின் ஓரத்தில் குறிக்கப்படும். ஆகவே ஓரக்குறிப்பைப் படிக்காமல் பக்கத்தைத் திருப்பக்கூடாது.

இறப்பு ஏடு வேறு ரகம். இதில் பேசுவது இறந்தவரல்ல, அக்கம்பக்கத்தார். நகரங்களில் சாவு அறிவிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் வந்து பதிந்தார்கள். இறந்தவரின் பெற்றோர் பெயர் திரிந்திருக்கலாம், பிறந்த ஊர் பக்கத்து ஊராக மாறியிருக்கலாம், வயது இரண்டு மூன்று ஆண்டு கூடக் குறைய இருக்கலாம். சாவின் காரணம் இருக்காது. சியன் 1904-இல் நீரில் மூழ்கி இறந்தார். அத்தகைய செய்தியை அன்றைய நாளிதழில்தான் தேட வேண்டும். இவ்வளவு குறை இருந்தும், தேடலைத் தொடங்க இறப்புப் பதிவே வசதி. இறப்பு 50 ஆண்டிலும், திருமணம் 75 ஆண்டிலும், பிறப்பு 100 ஆண்டிலும் பொதுப் பார்வைக்கு வருகின்றன. பாட்டனின் இறப்புப் பதிவு அவருடைய பெற்றோரைச் சொல்லிவிட்டால் ஒரு தலைமுறை ஏறியாயிற்று.

குழந்தைச் சாவுகளையும் விடாமல் சேர்க்க வேண்டும். தாத்தா பாட்டி பெயரை இடுவது வழக்கம். அந்தக் குழந்தை இறந்தால் அடுத்ததற்கும் அதே பெயர். இறப்பைப் பார்க்காதவர் இறந்த குழந்தையின் பிறப்புப் பதிவைத் தன் முன்னோருடையதாக எடுத்துக்கொள்வார். 'லேவன்லோஸ்', அதாவது உயிரற்றது, என்ற பதிவு இன்னும் ஏமாற்றும். பதிவுக்கு முன்பே இறந்த குழந்தையை இப்படித்தான், பெயரின்றி, இறப்பு ஏட்டில் மட்டும் எழுதினார்கள். ஒரு நாள் முழுக்க அழுது பால் குடித்த பிள்ளையும் இந்தச் சொல்லுக்குள் அடங்கும். அது செத்துப் பிறந்ததா என்பதை ஏட்டைக் கொண்டு சொல்ல முடியாது.

ஏடுகள் இரண்டு படிகளாக எழுதப்பட்டன: ஒன்று உள்ளாட்சிக்கு, மற்றொன்று நீதிமன்றத்துக்கு. இன்று பெரும்பாலானவை வீ-வாஸ்-வீ, ஓப்பன் ஆர்க்கிவன் என்னும் இணையத் தொகுப்புகளில் பெயர் கொடுத்துத் தேடக் கிடைக்கின்றன. பெயர் பிடிபடாவிட்டால் பத்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வோர் ஊரிலும் தொகுத்த பெயர்ப் பட்டியல் கைகொடுக்கும். திருமணப் பதிவோடு வைத்த இணைப்புத் தாள்களில் மணமக்களின் பிறப்புச் சான்று, மணமகனின் படைச்சேவைச் சான்று, இறந்த பெற்றோரின் சான்று ஆகியவை இருக்கும். ஏழைகளுடைய கட்டில் இன்னொரு தாளும் உண்டு: முத்திரைக் கட்டணம் தரச் சக்தியில்லை என்ற சான்று. 1850 முதல் நடந்த குடிமக்கள் பதிவேடு, சிவில் ஏட்டில் இல்லாத மதத்தையும் வீடு மாறிய தேதியையும் தரும்.

1811-க்கு முந்திய காலத்துக்குத் தேவாலய ஞானஸ்நான ஏடுகளே துணை. ஹாலந்து மாகாணத்தில் 1695 முதல் கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் வசதிக்கேற்ப வரி வாங்கினார்கள். அந்த வரிக்கணக்கில் ஏழையின் பெயருக்கு எதிரே தொகை இல்லை. 'ப்ரோ தேயோ', கடவுளுக்காக, என்று எழுதியிருக்கும்.